அக்காவுக்கு ரெண்டு ஜீன் டெஸ்ட் சொல்லியிருக்காங்க, எதை எடுக்கிறது? (கடலூர், பாண்டி பக்கம்)

பண்ருட்டி_தங்கச்சி · திங்கள் இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இப்பதான். எங்க அக்காவுக்கு 47 வயசு. மார்புல கட்டி, போன மாசக் கடைசியில ஆபரேஷன் ஆச்சு, பாண்டியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. அக்குள்ல எடுத்துப் பாத்த நெறிக்கட்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, அது வரைக்கும் நிம்மதி. இப்ப கீமோ வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கு, சாம்பிளை அமெரிக்காவுக்கு அனுப்பணும், மூணு லட்சத்துக்கு கிட்ட வரும்னு டாக்டர் சொன்னாரு. சரி யோசிச்சு சொல்றோம்னு வெளிய வந்தா அங்க ஒரு பொண்ணு ஃபாரத்தை நீட்டுது, பரம்பரையா வருதான்னு பாக்க இன்னொரு ஜீன் டெஸ்ட்டும் இருக்கு மேடம், ரெண்டையும் சேத்து பேக்கேஜா போட்டுடலாம், பிளட் இன்னிக்கே குடுத்துடுங்கன்னு. அது ஆஸ்பத்திரி ஆளா லேப் ஆளான்னு கூட தெரியல.

மாமா முந்திரி வியாபாரம், பணம் எப்படியாவது புரட்டிடுவாரு. ஆனா எதுக்குக் குடுக்குறோம்னு தெரிஞ்சு குடுக்கணும் இல்லையா. ரிப்போர்ட்டைப் பாத்து அப்படியே டைப் பண்றேன்: இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, சைஸ் 2.2 செ.மீ., நோடு 0/3, இ.ஆர் 8/8, பி.ஆர் 7/8, ஹெர்2 2+ ஈக்விவோக்கல், கே.ஐ.67 18%. இதுல நல்லது எது கெட்டது எதுன்னு கூட புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓடி_துறைமுகம் · திங்கள் இரவு 10:05

இதெல்லாம் காசு புடுங்குற வேலை தங்கச்சி. எங்க பாட்டி காலத்துல எவன் ஜீன் டெஸ்ட் எடுத்தான். பேக்கேஜ்னு சொன்னாலே எழுந்து வந்துடணும், ஆஸ்பத்திரி என்ன கொடைக்கானல் டூரா.

நெல்லிக்குப்பம்_வாத்தி · திங்கள் இரவு 10:31

ஓடி தம்பி, பாட்டி காலத்துல கட்டின்னு தெரியறதுக்குள்ள ஆளே போயிடுவாங்க, அந்தக் கணக்கு இங்க வேணாம். ஆனா பேக்கேஜ் விஷயத்துல உங்க கோவம் நியாயம்தான்.

அம்மா, நான் ஸ்கூல்ல விலங்கியல் எடுத்து ரிட்டயர் ஆனவன், டாக்டர் இல்ல. ரெண்டுக்கும் ஜீன் டெஸ்ட்டுன்னு பேரு வச்சதுலதான் குழப்பமே, ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில். ரத்தத்துல எடுக்கிறது பொறக்கும்போதே வந்த ஜீன்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பாக்குறது, அது உங்க அக்கா உடம்புல இருக்கிற எல்லா செல்லுலயும் ஒண்ணுதான், சாகுற வரைக்கும் மாறாது. அமெரிக்காவுக்கு அனுப்புறது கட்டியில எடுத்த சதையில, எந்தெந்த ஜீன் இப்ப எவ்ளோ வேகமா வேலை செய்யுதுன்னு அளக்குறது. நெய்வேலியில இருந்து எல்லா வீட்டுக்கும் லைன் வருது, அதனால எல்லா வீட்லயும் எல்லா லைட்டும் எரியுதுன்னு அர்த்தம் இல்ல, எந்த சுவிட்ச் ஆன்ல இருக்குன்னு உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும். மனுஷனுக்கு புரோட்டீன் செய்யற ஜீன் சுமார் 20,000 இருக்கு, கண்ணுல இருக்கிற செல்லும் கல்லீரல் செல்லும் அதே 20,000த்தைத்தான் வச்சிருக்கு, ஆன் பண்ணியிருக்கிறது வேற வேற. கேன்சர் செல்லுல இந்த ஆன் ஆஃப் எல்லாம் தாறுமாறா இருக்கும், அந்தத் தாறுமாறுலயே ஒரு தினுசு இருக்கு, அதை வச்சு இது திரும்ப வர்ற சாதியா அடங்கிப் போற சாதியான்னு ஓரளவுக்கு சொல்ல முடியும்.

அக்காவுக்கு முன்னாடி குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா? அப்பா வழியையும் சேத்து சொல்லுங்க.

பண்ருட்டி_தங்கச்சி · திங்கள் இரவு 10:48

அம்மா வழியில யாருக்கும் இல்ல சார். அப்பாவோட அக்கா, அதான் பெரிய அத்தை, அவங்களுக்கு வயித்துல கட்டி, தண்ணி கோத்துக்கிட்டு ஐம்பது வயசு வாக்குல போயிட்டாங்க, கர்ப்பப்பை பக்கத்துலன்னு அப்ப சொன்னாங்க. ஆனா அது அப்பா வழியாச்சே, மார்பு கேன்சருக்கும் அதுக்கும் என்ன?

கோரிமேடு_லேப் · செவ்வாய் காலை 6:20

நைட் டூட்டி முடிச்சிட்டு எழுதுறேன், தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க. பதினஞ்சு வருஷமா ஹிஸ்டோ லேப்ல டெக்னீஷியன், பாண்டிதான்.

முதல்ல ஒண்ணு. இங்க யாருமே ஹெர்2 2+ன்னு இருக்கிறதைப் பாக்கலையா? ரெண்டு ஜீன் டெஸ்ட்டையும் தள்ளி வைங்க, அதுக்கு முன்னாடி ஃபிஷ் எடுக்கணும். ஹெர்2ங்கறது செல்லை வளரச் சொல்ற ஒரு புரோட்டீன், அதைச் சாயம் போட்டுப் பாப்போம், 0, 1+ வந்தா நெகடிவ், 3+ வந்தா பாசிடிவ், 2+ வந்தா சாயம் பாத்து சொல்ல முடியலன்னு அர்த்தம். அப்ப கட்டிச் சதையை மெழுகுல உறைய வச்ச அதே பிளாக்குல இருந்து மெல்லிசா ஒரு சீவல் சீவி, ஹெர்2 ஜீன் எத்தனை காப்பி இருக்குன்னு நேராவே எண்ணிடுவோம். இருட்டு ரூம்ல மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஒவ்வொரு செல்லுலயும் ஆரஞ்சுப் புள்ளி ஹெர்2, பச்சைப் புள்ளி 17ஆவது குரோமோசோம். குறைஞ்சது 20 செல் எண்ணணும், கண்ணு பூத்துடும். நார்மலா ரெண்டுக்கு ரெண்டு இருக்கும், பாசிடிவா இருந்தா பச்சை ரெண்டு நிக்க ஆரஞ்சு கொத்துக் கொத்தா அப்பியிருக்கும். ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் உள்ள கணக்கு 2க்கு குறையாம இருந்து, காப்பியும் செல்லுக்கு 4க்கு குறையாம இருந்தா பாசிடிவ்.

இது ஏன் முக்கியம்னா, ஹெர்2 பாசிடிவ்னா ட்ராஸ்டுஜுமாப் ஊசி போடணும், அது 1998ல அமெரிக்காவுல வந்த மருந்து, இப்ப நம்ம நாட்டுலயே பயோசிமிலர், அதாவது அதே மாதிரி செஞ்ச மருந்து, கிடைக்குது. அந்த ஊசியோட பெரும்பாலும் கீமோவும் சேந்துதான் வரும். அப்படி ஆயிட்டா அந்த மூணு லட்சம் டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல, ஏன்னா அது இ.ஆர் பாசிடிவ் (ஹார்மோனால வளர்ற கட்டி), ஹெர்2 நெகடிவ் ஆளுங்களுக்கு மட்டும்தான். ஃபிஷ் சில ஆயிரத்துல முடிஞ்சிடும். அதைச் சொல்லாம பேக்கேஜ் போட வந்த புண்ணியவதி யாருன்னு தெரியணும்.

ரெண்டாவது, அத்தை விஷயம். வாத்தி சார் சரியான இடத்துல கை வச்சிருக்காரு, அவரே சொல்லட்டும், நான் தூங்கப் போறேன்.

நெல்லிக்குப்பம்_வாத்தி · செவ்வாய் காலை 8:15

லேப் தம்பிக்கு நன்றி, ஹெர்2 எனக்குத் தெரியாத ஏரியா.

அம்மா, பிராக்கா1, பிராக்கா2ன்னு ரெண்டு ஜீன். ஒண்ணு 17ஆவது குரோமோசோம்ல, இன்னொண்ணு 13ல. மேரி கிளேர் கிங்னு ஒரு அம்மா 1990ல 17ஆவது குரோமோசோம்லதான் ஏதோ இருக்குன்னு காட்டினாங்க, 1994ல ஒண்ணும் 1995ல ஒண்ணுமா ஜீனைப் புடிச்சாங்க. இதுங்க வேலை டி.என்.ஏ. உடைஞ்சா ஒட்டுறது. ஒட்டுற ஆளுல கோளாறு இருந்தா உடைசல் சேந்துட்டே போகும். மார்பு, சினைப்பை ரெண்டுக்கும் இதுதான் பொது வாசல், அதனாலதான் அத்தையைக் கேட்டேன். அவங்களுக்கு இருந்தது சினைப்பைக் கேன்சரா இருந்தா உங்க அக்காவுக்கு ரத்த டெஸ்ட் எடுக்க காரணம் இருக்கு. நம்ம ஊர்ல பெரிய தப்பு, பொம்பளை வியாதி பொம்பளை வழியிலதான் வரும்னு நினைக்கிறது. அப்பாவுக்கும் பிராக்காவுல பிழை இருக்கலாம், அவருக்கு ஒண்ணுமே வராம இருக்கலாம், ஆனா பிள்ளைங்களுக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ்ல போகும், பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும்.

அதே சமயம் பயப்படவும் வேணாம், மார்பு கேன்சர்ல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்துதான் இப்படிப் பரம்பரையா வர்றது.

குறிஞ்சிப்பாடி_மணி · செவ்வாய் காலை 9:02

சொந்தத்துல கட்டினதால வந்திருக்கும் சார், இவங்க அப்பா அம்மா மாமா மக அத்தை மகனா இருப்பாங்க, அதைக் கேளுங்க மொதல்ல.

நெல்லிக்குப்பம்_வாத்தி · செவ்வாய் காலை 9:20

மணி, அது வேற கணக்குப்பா. பிராக்காவுக்கு ஒரு காப்பி கெட்டிருந்தாலே போதும், அப்பா ஒருத்தர்கிட்ட இருந்தே வரும், அம்மா சொந்தமா அசலான்னு அது பாக்காது. சொந்தத்துல கட்டினா ஏறுறது ரெண்டு காப்பியும் கெட்டாதான் வர்ற வியாதி, தலசீமியா, தண்டுவடத் தசைநோய், காது கேக்காமப் பொறக்குறது மாதிரி. கல்யாணப் பத்திரிகையில ஜாதகம் பாக்குறவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஹெச்.பி.எல்.சி. ரத்த டெஸ்ட் பாத்தா தலசீமியா பாதி அடங்கிடும், ஆனா யாரு கேக்குறா.

ஓடி_துறைமுகம் · செவ்வாய் மதியம் 1:10

எல்லாரும் அப்பா அத்தைன்னு குடும்பத்துலயே குத்தம் தேடுறீங்க. கடலூர்ல உக்காந்துகினு சிப்காட் பத்தி ஒருத்தர் பேசல. 2004ல குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்களே பக்கெட்ல காத்து புடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க, கேன்சர் வரவைக்கிற கெமிக்கல் அதுல இருந்துச்சு. அதுக்கு எந்த ஜீன் டெஸ்ட் இருக்கு? ஜீன் ஜீன்னு சொல்லி எல்லாத்தையும் நம்ம ரத்தத்து மேல போட்டுட்டா கம்பெனிக்காரன் ஜாலியா போயிடுவான் இல்ல.

கோரிமேடு_லேப் · செவ்வாய் மாலை 5:45

எழுந்துட்டேன். ஓடி அண்ணே, இது நல்ல கேள்வி, நக்கலா பதில் சொல்ல மாட்டேன்.

பொறக்கும்போது வர்ற பிழை வேற, வாழும்போது செல்லுல விழுற பிழை வேற. புகை, வெயில், கெமிக்கல், கதிர்வீச்சு, வயசு இதெல்லாம் போடுறது ரெண்டாவது ரகம், அது அந்தக் கட்டியில மட்டும் இருக்கும், பிள்ளைக்குப் போகாது. பெரும்பாலான கேன்சர் இந்த ரகம்தான், அதனால நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. சில விஷத்துக்கு கைரேகையே உண்டு. சிகரெட் புகைக்கு ஒரு தினுசு, வெயிலுக்கு ஒரு தினுசு. பூஞ்சை புடிச்ச மல்லாட்டையில வர்ற அஃப்ளாடாக்சின் இருக்கே, அது கல்லீரல்ல டி.பி.53ங்கற ஜீன்ல 249ஆவது இடத்துல ஒரே மாதிரி அடிக்கும், ஆப்பிரிக்காவுலயும் சீனாவுலயும் அதைப் பாத்திருக்காங்க. ஆனா ஒரு ஆளோட மார்புக் கட்டியை எடுத்து இது இன்ன பேக்டரியால வந்ததுன்னு எழுதிக் குடுக்குற டெஸ்ட் எதுவும் கிடையாது. அதை நிரூபிக்க ஊரு ஊரா கேன்சர் பதிவேடு, காத்து, தண்ணி, எத்தனை வருஷம் யாரு எங்க இருந்தாங்கங்கற கணக்கு வேணும். அந்தச் சண்டையை ஜீன் லேப்ல போட முடியாது, கலெக்டர் ஆபீஸ்லயும் கோர்ட்லயும்தான் போடணும்.

ஓடி_துறைமுகம் · செவ்வாய் மாலை 6:02

அப்ப ஏழைக்கு காத்து, பணக்காரனுக்கு ஜீனு. சரிதான்.

வடலூர்_செல்வி · செவ்வாய் இரவு 8:30

அண்ணா கோவப்படாதீங்க, ஏழைக்கும் ஜீன்தான், என்னைப் பாருங்க. எனக்கு ரத்தப் புத்துநோய், சி.எம்.எல்.ன்னு சொல்வாங்க. 9ஆவது குரோமோசோமும் 22ஆவதும் துண்டு மாத்திக்கிட்டு பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.னு இல்லாத ஒரு ஜீன் உண்டாகி, அதுதான் ரத்தத்துல வெள்ளை அணுவைக் கண்டபடி பெருக்குது. அதை மட்டும் அடைக்கிற மாத்திரை இமாடினிப், 2001ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த வியாதிக்காரங்க சில வருஷம்தான் இருப்பாங்களாம், நான் மாத்திரை போட்டுக்கிட்டு டெய்லரிங்கும் பண்ணிக்கிட்டு பேரப்புள்ளைய பாத்துக்கிட்டு இருக்கேன். வெளிநாட்டுக் கம்பெனி பேடண்ட் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்துச்சு, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி குடுக்க முடியாதுன்னு தீர்ப்பு. அதனாலதான் என்னை மாதிரி ஆளுங்களுக்கு விலை கம்மியில கிடைக்குது.

வாத்தி சார் சொன்ன சுவிட்ச் கணக்கு எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தரம் நடக்கும். ரத்தம் எடுத்து அந்தக் கெட்ட ஜீன் எவ்ளோ வேலை செய்யுதுன்னு சதவீதத்துல குடுப்பாங்க. 0.1க்கு கீழ இருந்தா டாக்டர் நிமிந்து பாத்து சிரிப்பாரு, ஏறிச்சுன்னா முதல் கேள்வியே மாத்திரையை விட்டியான்னுதான். ஒரு தடவை நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துல ஒழுங்கா போடல, அடுத்த ரிப்போர்ட்லயே காட்டிக் குடுத்துடுச்சு. உடம்புல ஒரு அறிகுறியும் கிடையாது, நல்லா சாப்பிட்டேன், தூங்கினேன், பேப்பர்ல மட்டும் ஏறியிருக்கு.

பண்ருட்டி_தங்கச்சி · செவ்வாய் இரவு 9:15

அக்கா உங்களைப் படிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நல்லா இருங்க.

லேப் அண்ணா, இன்னிக்கு மாமா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஃபிஷ் ஏன் எடுக்கலன்னு கேட்டாரு. டாக்டர் எழுதித்தான் இருக்காராம், கவுண்டர்ல விட்டுட்டாங்களாம். இப்ப அனுப்புறாங்க. அந்த மூணு லட்சம் டெஸ்ட் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன், ஃபிஷ் நெகடிவ் வந்தா அதுதானே அடுத்து.

கோரிமேடு_லேப் · புதன் இரவு 11:50

சொல்றேன், டீ ஒண்ணு போட்டுட்டு வந்து உக்காந்துருக்கேன்.

அவங்க சொல்றது ஆன்கோடைப்னு நினைக்கிறேன். 21 ஜீன், அதுல 16 கேன்சர் சம்பந்தப்பட்டது, 5 சும்மா ஒப்பிட. ஃபார்மலின்ல ஊறி மெழுகுல உறைஞ்ச சதையில இருந்து ஆர்.என்.ஏ., அதாவது ஆன்ல இருக்கிற ஜீன் போடுற நகல், அதை எடுத்து அளப்பாங்க. டி.என்.ஏ. கல்லு மாதிரி நிக்கும், ஆர்.என்.ஏ. அப்படி இல்ல, சதையை வெளிய எடுத்த நிமிஷத்துல இருந்து சிதைய ஆரம்பிச்சிடும், அதனால ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து எவ்ளோ சீக்கிரம் ஃபார்மலின்ல விழுந்துச்சு, எவ்ளோ நேரம் ஊறுச்சுங்கறது எல்லாம் முக்கியம். 6 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் ஊறினா சரி. சனிக்கிழமை ஆபரேஷன் பண்ணி திங்கள் லீவா இருந்து செவ்வாய்தான் டப்பாவைத் திறக்கிற கூத்தெல்லாம் நடக்கும், அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, அமெரிக்கா லேபு சூப்பரா இருந்து என்ன பிரயோஜனம்.

ஸ்கோர் 0ல இருந்து 100, ஏற ஏற திரும்ப வர்ற ஆபத்து அதிகம். 2018ல வந்த டெய்லர்எக்ஸ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 10,000 பேருக்கு மேல சேத்தாங்க, நெறிக்கட்டியில பரவாத, ஹார்மோன் பாசிடிவ், ஹெர்2 நெகடிவ் பொம்பளைங்க. 26ம் அதுக்கு மேலயும்னா கீமோ. 11க்கு கீழ ஹார்மோனை அடக்குற மாத்திரை மட்டும் போதும்னு ஏற்கனவே தெரியும். நடுவுல 11ல இருந்து 25 வரைக்கும் உள்ளவங்களை சீட்டுக் குலுக்கின மாதிரி பிரிச்சு பாதிப் பேருக்கு கீமோவும் மாத்திரையும், பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும் குடுத்தாங்க. மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல. ஆனா 50 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல 16ல இருந்து 25 வந்தவங்களுக்கு கீமோவால கொஞ்சம் லாபம் தெரிஞ்சுச்சு. அது கீமோ கேன்சரைக் கொன்னதாலயா, இல்ல கீமோல சினைப்பை அடங்கி மாதவிலக்கு நின்னு ஹார்மோன் கொறைஞ்சதாலயான்னு இன்னும் டாக்டருங்க அடிச்சிக்கிறாங்க. உங்க அக்கா 47, கரெக்டா அந்த வம்பு ஏரியாவுல நிக்கிறாங்க.

அதனால டெஸ்ட்டுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஸ்கோர் 12 வந்தா என்ன பண்ணுவீங்க, 20 வந்தா என்ன பண்ணுவீங்க, 30 வந்தா என்ன பண்ணுவீங்க. மூணுக்கும் கீமோதான்னு சொன்னா டெஸ்ட் வேணாம், எழுந்து வந்துடுங்க. அக்காகிட்டயும் கேளுங்க, எது வந்தாலும் கீமோ போட்டுக்க மாட்டேன்னு இருந்தாங்கன்னாலும் டெஸ்ட் வேணாம்.

இன்னொண்ணு, 70 ஜீன் பாக்குற மம்மாபிரிண்ட், அது நெதர்லாந்துல கண்டுபிடிச்சது. பெங்களூர்ல கான்அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அது ஜீன் இல்ல, அஞ்சு புரோட்டீனைச் சாயம் போட்டுப் பாத்து ஸ்கோர் போடுறது, விலை நல்லாவே கம்மி. ஆனா டெய்லர்எக்ஸ் மாதிரி சீட்டுக் குலுக்கின பெரிய ஆராய்ச்சி அதுக்குப் பின்னாடி இல்ல, அதையும் சொல்லிடணும். அதோட இழுத்துக்கிட்டே போகாதீங்க, கீமோ வேணும்னு முடிவானா ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சிடுறது நல்லது.

மஞ்சை_மருந்துக்கடை · வியாழன் காலை 10:40

நடுவுல நானும் ஒரு வார்த்தை. கேன்சர் மட்டும் ஜீன் இல்ல. எங்க கடையில தினம் போற க்ளோபிடோக்ரெல், ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க. அது அப்படியே வேலை செய்யாது, கல்லீரல்ல சி.ஒய்.பி.2சி19ங்கற என்சைம் அதை மாத்தி விட்டாதான் மருந்து. சில பேருக்கு அந்த என்சைம் பொறப்புலயே மந்தம், அவங்களுக்கு மாத்திரை முழுங்கியும் பாதி பிரயோஜனம்தான். அமெரிக்காவுல 2010லயே பெட்டியில எச்சரிக்கை போட வச்சாங்க. வலிப்புக்குக் குடுக்குற கார்பமாசெபின் இருக்கு, ஹெச்.எல்.ஏ.-பி 15:02னு ஒரு வகை இருக்கிறவங்களுக்கு தோலே உரிஞ்சு வந்துடும் அளவுக்கு அலர்ஜி வர வாய்ப்பு அதிகம். ஜிப்மர் பார்மகாலஜியில தென்னிந்திய ஆளுங்களுக்கு இந்த மருந்து ஜீன் எல்லாம் எப்படி இருக்குன்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, நம்ம ஊர்க்காரனுக்கே தெரியாது.

டி.என்.ஏ_ஹெல்த்_பாண்டி · வியாழன் காலை 11:15

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் · வியாழன் காலை 11:22

எச்சில் கிட் அனுப்புறோம், குழந்தையோட திறமையும் வர்ற வியாதியும் சொல்றோம்னு விளம்பரம் போட்டதால தூக்கியாச்சு. ஏற்கனவே ரெண்டு தரம் எச்சரிச்சாச்சு. சிப்காட் பத்தித் தொடரணும்னா தனி இழை திறந்திருக்கேன், ஓடி அங்க வாங்க.

குறிஞ்சிப்பாடி_மணி · வியாழன் மதியம் 12:05

அந்த விளம்பரத்தை நான் பாத்தேன், என் பையன் ஸ்கூல்ல விரல் ரேகை வச்சு டாக்டரா இன்ஜினியரான்னு சொன்னாங்களே அது மாதிரிதானே இதுவும்?

நெல்லிக்குப்பம்_வாத்தி · வியாழன் மதியம் 12:30

விரல் ரேகைக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்ல மணி, கிளி ஜோசியத்துக்கு செலவு கம்மி, அங்க போ.

பண்ருட்டி_தங்கச்சி · சனி இரவு 8:10

ஃபிஷ் நெகடிவ், கணக்கு 1.3ன்னு போட்டிருக்கு. லேப் அண்ணா சொன்ன மூணு கேள்வியையும் டாக்டர்கிட்ட அப்படியே கேட்டேன். மனுஷன் கொஞ்சம் முழிச்சாரு, அப்புறம் உக்காந்து பொறுமையா பதில் சொன்னாரு. 15 வரைக்கும் வந்தா மாத்திரை மட்டும், 26க்கு மேலன்னா கீமோ, நடுவுல வந்தா சினைப்பையை அடக்குற ஊசியும் மாத்திரையும் ஒரு வழி, கீமோ இன்னொரு வழி, அக்காவே சொல்லட்டும்னாரு. அக்கா கீமோன்னா வேணாம்னுதான் இருந்தாங்க, 26க்கு மேல வந்தா போட்டுக்குறேன்னு இறங்கி வந்துட்டாங்க. அதனால டெஸ்ட் எடுக்கிறதுன்னு முடிவு.

இப்ப வீட்ல வேற பிரச்சனை. அந்தப் பரம்பரை டெஸ்ட்டை எடுக்கவே கூடாதுன்னு பெரியப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அக்கா பொண்ணுக்கு 22 வயசு, வரன் பாத்துக்கிட்டு இருக்கோம், இதுல ஏதாவது வந்து வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்னு. அவர் சொல்றதும் பொய் இல்லையே.

வடலூர்_செல்வி · சனி இரவு 8:45

பொய் இல்லதான், எங்க வீட்லயும் என் வியாதியை மறைச்சுத்தான் பெரியவளை கட்டிக் குடுத்தோம், இது பரம்பரை இல்லன்னு டாக்டர் சத்தியம் பண்ணியும். ஆனா உங்களது அப்படி இல்லையேம்மா, அந்தப் பொண்ணுக்கே ஆபத்து இருக்கலாம் இல்ல.

கோரிமேடு_லேப் · ஞாயிறு காலை 7:05

பொண்ணை இப்ப இழுக்கவே வேணாம். முதல்ல வியாதி வந்தவங்களுக்குத்தான் டெஸ்ட், அதாவது அக்காவுக்கு. அவங்களுக்கு நெகடிவ்னா பெரியப்பா வரன் பாக்கட்டும். பாசிடிவ்னா அந்த ஒரே ஒரு பிழை பொண்ணுக்கு இருக்கான்னு மட்டும் பாப்பாங்க, மொத்த ஜீனையும் படிக்கிற செலவு இல்ல. அதையும் பொண்ணு தானா கேட்டாதான் எடுக்கணும், அவ வயசு வந்தவ, பெரியப்பாவுக்கு அதுல கையெழுத்து கிடையாது. பிராக்கா1ல பிழை இருந்தா வாழ்நாள்ல மார்பு கேன்சர் வர வாய்ப்பு நூத்துக்கு 55ல இருந்து 72ன்னு சொல்றாங்க, சினைப்பைக்கு 40 பக்கம். ஆனா தெரிஞ்சா செய்யறதுக்கு வழி இருக்கு, 25 வயசுல இருந்து வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ., பிள்ளை பெத்து முடிச்சப்புறம் 35, 40 வயசுல சினைப்பையை எடுத்துடுறது. அத்தைக்கு இது தெரிஞ்சிருந்தா அவங்க இன்னிக்கு உக்காந்து வரன் பாத்துட்டு இருந்திருப்பாங்கன்னு பெரியப்பாகிட்ட சொல்லுங்க, அவரும் அதே ரத்தம்தான், அவர் பிள்ளைங்களுக்கும் இதே கதைதான்.

வெளிய சொல்லணுமாங்கறது உங்க வீட்டு முடிவு, அதுல நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நெல்லிக்குப்பம்_வாத்தி · ஞாயிறு காலை 9:30

ஒண்ணு சேத்துக்குறேன். ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலிங்னு ஒண்ணு உண்டு, மூணு தலைமுறைக் குடும்பப் படம் போட்டு யாருக்கு என்ன வயசுல என்னன்னு எழுதுவாங்க. அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல பரம்பரைக் கேன்சருக்குன்னே கிளினிக் இருக்கு. ஜிப்மர் கேன்சர் ஓ.பி.யிலயும் கேட்டுப் பாருங்க, கிட்டக்க முடிஞ்சா எதுக்கு மெட்ராஸ்.

ரிப்போர்ட்ல பாசிடிவ், நெகடிவ் இல்லாம மூணாவதா ஒண்ணு வரலாம், வி.யு.எஸ்.ன்னு. எழுத்து மாறியிருக்கு, அது கெட்டதா சும்மாவான்னு இன்னும் தெரியலன்னு அர்த்தம். உலகத்துல இருக்கிற ஜீன் தகவல்ல பெரும்பகுதி ஐரோப்பாக்காரன் ரத்தம், அதனால நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி புரியாத மாத்தம் நிறைய வருது. இப்பதான் ஜீனோம் இந்தியான்னு 10,000 பேர் ஜீனோமைப் படிச்சு 2025 ஜனவரியில ஆராய்ச்சிக்குத் திறந்து விட்டாங்க, அடுத்த மாசமே மெட்ராஸ் ஐ.ஐ.டி. 480 மார்பு கேன்சர் நோயாளிங்களோட தகவலை வெளியிட்டுச்சு. வி.யு.எஸ். வந்தா அதை வச்சு மார்பை எடுக்கிறேன் சினைப்பையை எடுக்கிறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அதை நெகடிவ் மாதிரி வச்சுக்கிட்டு வருஷம் ஒருக்கா லேபுல மாறியிருக்கான்னு கேக்கணும்.

பண்ருட்டி_தங்கச்சி · திங்கள் இரவு 9:05

பெரியப்பாகிட்ட அத்தை பேரைச் சொன்னதும் ஒண்ணும் பேசல, எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு. வேணாம்னு மறுபடி சொல்லல, அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். ஜிப்மருக்கு அக்காவும் நானும் போறோம், அத்தையோட பழைய பேப்பர் எதாவது இருக்கான்னு அத்தை பையன் பரண்ல தேடிக்கிட்டு இருக்காரு.

கடைசியா ஒண்ணு லேப் அண்ணா. அமெரிக்காவுக்கு அனுப்ப ஆஸ்பத்திரியில பிளாக் குடுப்பாங்களா, எங்களுது தானே?

கோரிமேடு_லேப் · செவ்வாய் காலை 6:40

குடுத்தாகணும், பிளாக்கு பத்திரப்படுத்துறது மட்டும்தான் அவங்க வேலை. லெட்டர் எழுதிக் குடுத்து கையெழுத்து போட்டு வாங்குங்க. நிறைய பிளாக் இருக்கும், கட்டி அதிகமா இருக்கிற பிளாக் எதுன்னு பேத்தாலஜிஸ்ட்டையே குறிச்சுத் தரச் சொல்லுங்க, இல்லன்னா கொழுப்பு மட்டும் இருக்கிறதைத் தூக்கிக் குடுத்துடுவாங்க, அமெரிக்கா போய் பத்தலன்னு திரும்பி வரும். பிளாக்குல கீறியிருக்கிற நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு கவுண்டர்லயே நின்னு பாருங்க. வெயில்ல கார் டேஷ்போர்டுல வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, மெழுகு. டெஸ்ட் முடிஞ்சதும் மிச்ச பிளாக்கை திருப்பி வாங்கி அதே ஆஸ்பத்திரியில ஒப்படைங்க, பின்னாடி தேவைப்படும்.